முதல் நிராகரிப்புக்குப் பிறகு இராணுவ விமானியாவது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

இராணுவ விமானிப் பணிக்கான விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் முன் வழக்கமாகச் சில வழிகள் இருக்கின்றன. மேல்முறையீடு செய்யலாம், அதே படைக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம், வேறொரு படையின் வான்பிரிவை நாடலாம், வேறு பணியில் சேர்ந்து உள்ளிருந்தபடியே விமானிப் பணிக்கு மாற முயலலாம், ஆளில்லா விமானங்களை இயக்கும் பிரிவுக்குச் செல்லலாம், குடிமை விமானத்துறையில் உரிமம் பெற்றுப் பறக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. நிராகரிப்பு எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது, இன்னும் எத்தனை முயற்சிகள் மிச்சம், வயது வரம்பை எட்ட எத்தனை மாதங்கள் உள்ளன என்ற மூன்றும் தெரிந்த பிறகே இந்த வழிகளை எடைபோட முடியும். இம்மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் நிராகரிப்பின் மறுவாரமே அடுத்த விண்ணப்பத்தை நிரப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை உண்டாகிறது. ஏனெனில் சில படைகளில் ஒரு முயற்சியை வீணாக்கினால் அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

நிராகரிப்புகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. இந்திய விமானப்படையின் தேர்வுக்காக டேராடூன் சென்ற அப்துல் கலாம், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். அவரிடம் குறை கண்டு அனுப்பிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இடம் எட்டோடு முடிந்துவிட்டது, அவ்வளவே. தகுதி பெற்றும் தரவரிசையில் பின்தங்கிய இத்தகைய நிராகரிப்பு ஒருவகை. விமானம் ஓட்டும் இயல்பான திறனைச் சோதிக்கும் தேர்வில் தோற்பது இன்னொரு வகை. நேர்காணலும் குழுப்பணிகளும் கொண்ட தேர்வு வாரியத்தில் பரிந்துரை கிடைக்காமல் போவது மூன்றாவது. மருத்துவப் பரிசோதனையில் தகுதியற்றவர் என்று முடிவாவது நான்காவது. ஒரே மாதிரிக் கடிதத்தில், ஒரே வாசகத்தில் இந்த நான்கில் எதுவும் வந்துசேரக்கூடும் என்பதால், காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. தேர்வு வாரியங்கள் பலவும் காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவ முடிவுக்கான காரணத்தை விண்ணப்பதாரருக்குத் தெரிவிப்பது பரவலான நடைமுறை. திறன் தேர்வின் மதிப்பெண்ணும் பல இடங்களில் கிடைக்கும்.

மேல்முறையீடா, மறு விண்ணப்பமா?

மருத்துவக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டவருக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. காலக்கெடுவும் இதற்கே மிகக் குறுகியது. இந்தியாவில் முதல் மருத்துவ வாரியத்தின் முடிவை ஏற்காதவர் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை 42 நாட்களுக்குள் அணுக வேண்டும். அதற்குப் பிறகு மறுஆய்வு வாரியம் என்ற படியும் உண்டு. அமெரிக்காவில் மேல்முறையீட்டைவிட விதிவிலக்குக் கோருவதே வழக்கமான பாதை. அதாவது, குறை இருப்பதை ஒப்புக்கொண்டு, அது பறக்கும் பணிக்கு இடையூறாகாது என்பதை ஆவணங்களோடு எடுத்துவைப்பது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முக்கியமானது. மேல்முறையீட்டில் ‘என் உடலில் அந்தக் குறை இல்லை, அல்லது இப்போது நீங்கிவிட்டது’ என்று நிறுவ வேண்டும். விதிவிலக்கில் ‘குறை உண்டு, ஆனால் ஆபத்து இல்லை’ என்று நிறுவ வேண்டும். தன்னுடைய நிலை எதற்குள் வரும் என்று தெரியாமல் ஒன்றின் வாதத்தை மற்றொன்றில் வைப்பவர், வலுவான கோரிக்கையையும் தளர்த்திக்கொள்கிறார்.

ஆஸ்துமா எனும் மூச்சிரைப்பு நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கப் படைகளின் விதிப்படி, 13 வயது நிறைந்த பிறகு ஆஸ்துமா இருந்ததாக மருத்துவக் குறிப்பு இருந்தால் அது தகுதியிழப்பு. பதின்ம வயதில் மழைக்கால இருமலுக்குக் கொடுத்த உறிஞ்சுமருந்தை ஒரு மருத்துவர் ஆஸ்துமா என்று பதிந்திருந்தால், அந்த ஒற்றைச் சொல் பல ஆண்டுகள் கழித்து ஒருவரைத் தடுத்து நிறுத்தும். இத்தகையவர் நுரையீரல் நிபுணரிடம் சென்று முறையான மூச்சுச் செயல்திறன் பரிசோதனையைச் செய்து, அதன் முடிவோடு போராடுவது நியாயமான வழி. நிறப்பார்வைக் குறைபாடு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் பிறவியில் வருவது; ஓராண்டு காத்திருந்தாலும் மாறாது. அதை மறுபடியும் சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். உறுதியான பிறகு அதே படையின் அதே விதிக்கு எதிராக ஆண்டுகளைச் செலவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்விரண்டுக்கும் நடுவில், விதியே மாறிய வரலாறும் இருக்கிறது. பார்வையைச் சீராக்கும் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை அமெரிக்க விமானப்படை நீண்டகாலம் விமானிப் பயிற்சியிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தது. கருவிழியில் திறந்து மூடப்படும் மெல்லிய மடல், உயரத்திலும், விமானத்திலிருந்து வெளியேறும்போது முகத்தில் அறையும் காற்றிலும் பெயர்ந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். 2007இல் அந்தத் தடை தளர்ந்தது. உடல் உயரம் பற்றிய விதியிலும் அப்படித்தான். 5 அடி 4 அங்குலம் முதல் 6 அடி 5 அங்குலம் வரை என்றிருந்த தொடக்க அளவுகோலை 2020 மே மாதத்தில் அதே படை கைவிட்டது. இப்போது உட்கார்ந்த உயரம், இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான நீளம், கை எட்டும் தூரம் ஆகியவற்றை அளந்து எந்தெந்த விமானத்தில் அமர முடியும் என்று பார்க்கிறார்கள். ஆகவே உடல் அளவால் நிராகரிக்கப்பட்டவர், எந்த ஆண்டின் விதிப்படி நிராகரிக்கப்பட்டோம் என்பதைச் சரிபார்ப்பது வீண்வேலை ஆகாது.

முதுகெலும்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் வெளியேற்று இருக்கை வெடித்துக் கிளம்பும்போது விமானியின் முதுகுத்தண்டின் மேல் 12 முதல் 20 மடங்கு வரை ஈர்ப்பு விசைக்கு இணையான அழுத்தம் விழுகிறது. அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் தராத, எக்ஸ்ரே எடுக்கும்வரை தெரியவே வராத ஒரு முள்ளெலும்புக் குறைபாடு, அந்தக் கண நேரத்தில் உடல் செயலிழக்கக் காரணமாகலாம். மருத்துவ வாரியம் இங்கே கறாராக இருப்பது விண்ணப்பதாரரின் உயிரைக் கருதியே. இக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீட்டில் முழு நம்பிக்கையையும் வைப்பதைவிட, வெளியேற்று இருக்கை இல்லாத வானூர்திகளை ஓட்டும் பிரிவுகளின் விதி தனியாக உள்ளதா என்று விசாரிப்பதே மேல்.

அதே படைக்கு மறுபடியும்

மறு விண்ணப்பத்தைப் பற்றி ‘விடாமுயற்சி வேண்டும்’ என்று மட்டும் சொல்லிவிடுவது பொறுப்பற்ற அறிவுரை என்று நினைக்கிறேன். எத்தனை முறை முயலலாம் என்பதை விதி தீர்மானிக்கிறது. இந்தியாவில் கணினி வழி விமானித் தேர்வு முறையான சி.பி.எஸ்.எஸ். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தோற்றவர், எத்தனை ஆண்டு பயிற்சி செய்தாலும், விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு மறுபடியும் தகுதி பெறுவதில்லை. அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் பயன்படுத்தும் ஏ.எஸ்.டி.பி. என்ற விமானித் திறன் தேர்வை வாழ்நாளில் மூன்று முறை எழுதலாம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் 30 நாட்களும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் 90 நாட்களும் கடந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான சிஃப்ட் தேர்வில் இரண்டு முறைக்கு மேல் இடமில்லை. அதிலும் தேர்ச்சிக்கான 40 மதிப்பெண்ணை எட்டிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மறுபடியும் எழுத முடியாது. பலரும் அறியாத நிபந்தனை இது. எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஆயத்தமில்லாமல் போய் உட்கார்ந்து 42 வாங்கியவர், அந்த 42ஐத்தான் கடைசிவரை தேர்வுக்குழுவின் முன் வைக்க வேண்டியிருக்கும்.

எனவே திறன் தேர்வில் குறைந்தவருக்கு அடுத்த முயற்சியின் நாளைவிட, அதற்குள் எது மாறப்போகிறது என்பதே கேள்வி. விமானிப் பயிற்சிக்கு ஆளெடுக்க அமெரிக்க விமானப்படை பார்க்கும் பி.சி.எஸ்.எம். மதிப்பெண் 1 முதல் 99 வரையிலானது. எழுத்துத் தேர்வின் விமானிப் பகுதி, கைகால் ஒருங்கிணைப்பைச் சோதிக்கும் கணினித் தேர்வு, சொந்தமாகப் பறந்த மணிநேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அது உருவாகிறது. இந்த அமைப்பில் ஒருவர் மதிப்பெண்ணை உயர்த்தப் பல கைப்பிடிகள் உள்ளன. பயிற்சி விமானத்தில் சில மணிநேரம் பறப்பதும் எண்ணாக மாறுகிறது. இந்திய முறையில் அப்படிப்பட்ட கைப்பிடி இல்லாததால், ஆயத்தம் முழுவதும் அந்த ஒரே முயற்சிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரே சொல்லால் ‘மறு முயற்சி’ என்று குறிப்பிட்டாலும், இரண்டு நாடுகளில் இருவர் எடுக்க வேண்டிய முடிவுகள் நேரெதிரானவை.

தேர்வு வாரியத்தில் பரிந்துரை பெறாதவர் நிலை இதைவிட நம்பிக்கை தருவது. இந்தியாவில் வாரியத்தின் முன் முதல் முறை தோற்றுப் பின்னர் பரிந்துரை பெற்ற அதிகாரிகள் ஏராளம். ஆனால் அங்கும் மூன்று மாத இடைவெளியில் அதே மனிதராகப் போய் நிற்பதற்கும், ஓராண்டில் ஒரு பொறுப்பை ஏற்று, அதில் தவறி, திருத்தி, பேச ஏதேனும் உள்ளவராகப் போய் நிற்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. குழுப்பணிகளில் மற்றவரைப் பேசவிடாமல் தானே முன்னிற்பவர்களையும், வாயே திறக்காதவர்களையும் வாரியம் ஒன்றுபோலவே ஒதுக்குகிறது. பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்த விடைகளால் இது மாறாது. விளையாட்டு அணி, தேசிய மாணவர் படை, அலுவலகத்தில் ஒரு சிறு குழு, எதுவாயினும் பிறரோடு சேர்ந்து ஒரு வேலையை முடித்த அனுபவமே மாற்றும். வயது இடங்கொடுத்தால் இவ்வகை நிராகரிப்புக்கு மறு விண்ணப்பமே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

வயது இடங்கொடுக்குமா என்பதை மாதக்கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியாவில் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வான ஏ.எஃப்.கேட். வழியாகப் பறக்கும் பிரிவுக்கு வரம்பு 20 முதல் 24 வயது; செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் வைத்திருப்பவருக்கு 26 வரை. வயது கணக்கிடப்படுவது விண்ணப்பிக்கும் நாளில் அல்ல, பயிற்சி தொடங்கும் மாதத்தின் குறிப்பிட்ட தேதியில். 23 வயது 2 மாதம் ஆனவர், தனக்கு இன்னும் பத்து மாதம் உண்டு என்று நினைத்திருப்பார். பயிற்சி ஓராண்டு கழித்துத் தொடங்கும் அறிவிப்பாக இருந்தால் அவருக்கு இப்போதே காலம் கடந்துவிட்டது.

வேறு படை, வேறு வானூர்தி

போர் விமானம் ஓட்டுவதும் இராணுவத்தில் பறப்பதும் ஒன்றென்றே பலர் மனத்தில் பதிந்திருப்பதால் இந்த வழி போதிய கவனம் பெறுவதில்லை. கடற்படைக்கும் தரைப்படைக்கும் சொந்த வானூர்திகள் உண்டு. அவற்றின் விதிகளும் தனி. அமெரிக்கத் தரைப்படை பட்டப்படிப்பு இல்லாதவரையும் சிப்பாய்க்கும் முழு அதிகாரிக்கும் இடைப்பட்ட வாரண்ட் அதிகாரி என்ற நிலையில் ஹெலிகாப்டர் விமானியாக எடுக்கிறது; நேரடியாகக் குடிமக்களிடமிருந்தே எடுக்கிறது. பிரிட்டன் தரைப்படையின் வான்பிரிவான ஆர்மி ஏர் கோரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் பின்னர் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். சார்ஜென்ட் நிலையிலேயே பறப்பவர்கள் அங்கு உண்டு. பட்டமோ அதிகாரிப் பதவியோ தடையாக நின்றவருக்கு இது உண்மையான கதவு.

ஆயினும் ஒரு கதவு மூடினால் மற்றொன்று கட்டாயம் திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் சி.பி.எஸ்.எஸ். தோல்வி கடற்படை விமானிப் பணியையும் மூடிவிடுகிறது. மாறாக, விமானப்படைத் தேர்வு வாரியத்தில் பரிந்துரை பெறாதது கடற்படை வாரியத்தின் முன் செல்வதைத் தடுப்பதில்லை. வாழ்க்கையும் வேறுபடும். ஹெலிகாப்டர் விமானி மரங்களின் உச்சியையொட்டித் தாழப் பறப்பார், தரையிலுள்ள வீரர்களோடு நெருக்கமாக வேலை செய்வார். கடற்படை விமானிக்கு மாதக்கணக்கில் கப்பல்தான் வீடு. வேகமாகப் பறக்கும் ஜெட் விமானமே வேண்டும் என்ற மனத்தோடு மட்டும் இந்தப் பணிகளுக்குப் போகிறவர், அந்தப் பணிக்கும் தனக்கும் நியாயம் செய்ய முடியாது.

வேறு பணியில் சேர்ந்து மாறுவது

இந்த வழியைத்தான் மிகவும் எச்சரிக்கையோடு அணுகச் சொல்வேன். அமெரிக்க விமானப்படையில் பணியிலுள்ள அதிகாரிகள் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தனித் தேர்வுக்குழு இருப்பது உண்மை; அதன் வழியே பொறியாளர்களும் பராமரிப்பு அதிகாரிகளும் விமானிகளானதும் உண்மை. ஆனால் சேர்ந்த பிறகு முடிவு விண்ணப்பதாரர் கையில் இல்லை. அவர் இருக்கும் பிரிவில் ஆட்கள் குறைவாக இருந்தால் மேலதிகாரி விடுவிக்க மறுக்கலாம். ஒப்பந்த ஆண்டுகள் ஓடும்போது வயதும் ஓடும். ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘முதலில் சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு ஒப்பந்தத்தில் எந்த இடமும் இல்லை.

ஆகவே, மாற்றம் ஒருபோதும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணியில் பத்தாண்டு மனநிறைவோடு இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வானிலை ஆய்வோ, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடோ, விமானப் பொறியியலோ தன்னளவிலேயே பிடித்தவருக்கு இது சிறந்த வழி. மாற்றம் கிடைத்தால் கூடுதல் மகிழ்ச்சி. அந்தப் பணியைக் காத்திருப்பு அறையாகக் கருதுபவர், விமானங்கள் தினமும் தன் கண்முன் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே கசந்துபோவார்.

அமெரிக்காவில் இதற்கு மாற்றாக ஏர் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையின் தனிப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டிய விமானியைத் தானே தேர்ந்தெடுக்கிறது. எந்த விமானம் ஓட்டப்போகிறோம் என்பது சேரும்போதே தெரியும். ஒரு பிரிவு மறுத்தாலும் அடுத்ததற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், மைய வாரியத்தில் ஒருமுறை தோற்றவருக்கு இது பல வாரியங்களுக்குச் சமம். பிற நாட்டவருக்கு இத்தகைய வாய்ப்பு அரிது.

ஆளில்லா விமானப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரிட்டிஷ் விமானப்படை, ஆளேறும் விமானத்தில் முன்னனுபவம் இல்லாதவர்களை நேரடியாகப் பயிற்றுவித்து 2013இல் விமானிச் சின்னம் வழங்கியது. அமெரிக்க விமானப்படையிலும் இது தனித் துறை. இதை விமானியாவதற்கான படிக்கட்டாகக் கருத வேண்டாம்; கண்காணிப்பும் தாக்குதலும் கொண்ட, மனத்தளவில் கடுமையான, முழுமையான பணி அது. உட்கார்ந்த உயரத்தாலோ முதுகெலும்பாலோ தடுக்கப்பட்டவருக்கு உண்மையான போர்ப்பணி வேண்டுமென்றால், இதைவிட நேரான வழி இல்லை.

குடிமை உரிமம்: மாற்றா, துணையா?

பன்னாட்டு விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணிநேரமும், வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரமும் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் இவை 35 ஆகவும் 150 ஆகவும் குறையும். முதலாவதைத் துணையாகவும் இரண்டாவதை மாற்றாகவும் கொள்வதே சரியான பாகுபாடு. பறந்த மணிநேரத்துக்கு மதிப்பெண் தரும் படையில் தனியார் உரிமம் மறு விண்ணப்பத்தை நேரடியாக வலுப்படுத்துகிறது. அதோடு, குலுங்கும் சிறு விமானத்தில் வெயிலில் வியர்த்தபடி இருபது மணிநேரம் பறந்த பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது தெரிந்துவிடும். வணிக உரிமம் பெரும் பணச்சுமை; கடன் வாங்கியே பெரும்பாலோர் முடிக்கிறார்கள். படையில் சேர்வதற்கான வயதை இரண்டாண்டு நீட்டிக்கிறது என்பதற்காக மட்டும் அந்தச் சுமையை ஏற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விமான நிறுவனத்தில் பறப்பதையும் மனமார ஏற்பவருக்கே அது தகும்.

இராணுவ மருத்துவ வாரியம் நிராகரித்த உடலைக் குடிமை மருத்துவப் பரிசோதனை ஏற்பது அடிக்கடி நடக்கிறது. பயணிகள் விமானத்தில் வெளியேற்று இருக்கை இல்லை, பல மடங்கு ஈர்ப்பு விசையில் திரும்ப வேண்டியதும் இல்லை, அளவுகோல் வேறு. ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே வணிக விமானிக்குரிய முதல் வகை மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிட வேண்டும். பயிற்சியின் பாதியில் நிறப்பார்வையோ இதயத் துடிப்போ தடையாகத் தெரியவந்தால் செலவழித்த மணிநேரங்கள் திரும்பி வராது.

வரிசை

பெரும்பாலோருக்கு இந்த வழிகள் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. அவற்றின் காலக்கெடு மட்டுமே வேறு. மருத்துவ மேல்முறையீட்டுக்கு வாரங்களே உள்ளதால் அது முதலில். அதன் முடிவுக்குக் காத்திருக்கும்போதே, மிச்சமுள்ள தேர்வு முயற்சிகளையும் வயது வரம்பையும் எழுதிவைத்துக்கொண்டு வேறு படைகளின் விதிகளைப் படிக்கலாம். தரவரிசையில் நூலிழையில் தவறியவர் அடுத்த அறிவிப்புக்கே விண்ணப்பிக்கலாம். வாரியத்தில் தோற்றவர் ஓராண்டு எடுத்துக்கொள்ளட்டும். திறன் தேர்வில் தோற்றவர் விதி அனுமதித்தால் மட்டும், பயிற்சி முடிந்த பிறகு மட்டும். அமெரிக்க விமானப்படை விமானி பயிற்சி முடிந்ததிலிருந்து பத்தாண்டு பணியாற்றக் கட்டுப்பட்டவர் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 30 வயதில் பயிற்சி முடிக்கும் ஒருவர் தன் 40 வயது வரையிலான வாழ்வைச் சேர்த்தே முடிவெடுக்கிறார். திருமணம் ஆனவர் என்றால் வீட்டிலுள்ளவரோடு அமர்ந்து பேசியே எடுக்க வேண்டிய முடிவு அது.

எந்த வழியில் போனாலும் அடுத்த விண்ணப்பப் படிவத்தில் ‘இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா, முடிவு என்ன’ என்ற கேள்வி வரும். அங்கே முதல் நிராகரிப்பை ஆண்டோடும் காரணத்தோடும் உள்ளபடி எழுத வேண்டும். ஏற்கெனவே தோற்றவரை ஏற்கும் வாரியங்கள் பல. மறைத்தது தெரிந்தால் பயிற்சியின் இறுதி மாதத்தில்கூட வெளியேற்றும் உரிமை எல்லாப் படைகளிடமும் இருக்கிறது.